கருகிய ஆயில் நெடியும் ஒரு டாப்பட் கவர் பேக்கிங்கும்

எங்கள் வீட்டுக் கார் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், நாலு சிலிண்டர். 70,000 கிலோமீட்டர் தாண்டும் வரை ஆயில் மாற்றுவதைத் தவிர என்ஜின் பக்கம் எந்த வேலையும் வைக்கவில்லை. அதன்பிறகுதான் இந்தக் கருகல் நெடி ஆரம்பித்தது. சரிசெய்து சில வருடங்கள் ஓட்டியாகிவிட்டது. செய்த வேலைகளில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று இப்போது சொல்லலாம்.

நெடி எல்லா நேரமும் வராது. கோவைக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறிலிருந்து குன்னூர் ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே இழுத்துப்போய், பர்லியாரில் டீக்கு நிறுத்தினால் குப்பென்று அடிக்கும். ஓடும்போது எதிர்காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நின்றால் பானெட்டுக்குள் சூடு தேங்கி, கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில் ஏசிக்குக் காற்று போகும் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. வெளிக்காற்றை அடைக்கும் ரீசர்குலேஷன் பட்டனைப் போட்டால் குறைந்தது. அதுவே ஒரு துப்பு: நெடி பானெட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது.

மலைப்பாதை என்பதால் கிளட்ச், பிரேக் மீதும் சந்தேகம் வரும். கிளட்ச் கருகினால் காகிதம் எரிகிற வாடை. பிரேக் என்றால் இறங்கும்போதுதான் அதிகம், சக்கரத்தின் பக்கம் குனிந்தாலே தெரிந்துவிடும். கூலண்ட் கசிந்தால் லேசான தித்திப்பு வாடை. எங்கள் காரில் வந்தது அடுப்பில் மறந்துபோன எண்ணெய்ச் சட்டியின் நெடி.

முதலில் காட்டிய இடத்தில் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: "ரிங் போயிருக்கும் சார், என்ஜின் இறக்கிடலாம்." சொன்ன தொகையைக் கேட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்தால் ஆயில் சிலிண்டருக்குள் போய் எரியும்; சைலன்சரில் நீலப்புகை வரும், ஆயில் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு விறுவிறுவென இறங்கும். எங்கள் வண்டியில் புகையே கிடையாது. ஒரு சர்வீசுக்கும் அடுத்த சர்வீசுக்கும் நடுவே அளவு கொஞ்சம்தான் குறைந்திருந்தது. என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூடேறினால் 300 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அதன்மேல் சில சொட்டு விழுந்தாலே கார் முழுக்க நாறும். டிப்ஸ்டிக்கில் வித்தியாசம் தெரிவதற்கு ரொம்ப முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம் சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்ன ஷெட். அங்கிருந்தவர் ஸ்பேனரைத் தொடும் முன் டிகிரீசர் அடித்து என்ஜினைத் துடைத்தார். ஆல்டர்னேட்டர், காயில் போன்ற மின்பாகங்கள் பக்கமெல்லாம் பிளாஸ்டிக் கவர் கட்டிவிட்டுத்தான் தண்ணீர். "ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க, அப்பத்தான் புதுசா எங்க நனையுதுன்னு தெரியும்" என்றார். எனக்குப் பிடித்துப்போனது இந்தப் பொறுமைதான். ஆயில் கீழ்நோக்கி வழியும், காற்று அதைப் பின்னால் தள்ளும். அடியில் நனைந்த இடத்தை மட்டும் பார்த்தால் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பையும் ஆயில் சீலையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மேலிருந்து கீழே தேட வேண்டும். எங்கள் என்ஜினில் மேனிஃபோல்டு பின்பக்கம், டேஷ்போர்டை ஒட்டிய தடுப்புச் சுவர் பக்கம் இருப்பதால் நேரே பார்க்க முடியாது. போனை உள்ளே விட்டு வீடியோ எடுத்ததில் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மூடும் டாப்பட் கவரின் பின் ஓரம் பளபளவென்று நனைந்திருந்தது.

"ரிங்கெல்லாம் நல்லாத்தாங்க இருக்குது, பேக்கிங்தான் போச்சு" என்றார். பேக்கிங் என்பது கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர். கவரைக் கழற்றியபோது வளைய வேண்டிய அந்த ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி ஒடிந்தது. ஸ்பார்க் பிளக் குழிகளிலும் ஆயில் நின்றிருந்ததால் அந்தச் சீல்களையும் சேர்த்து மாற்றினோம். பேக்கிங் விலை சில நூறு ரூபாய், கூலி அதைவிட அதிகம். அனபாண்ட் போன்ற சீலண்ட் பசையை, டைமிங் கவரும் ஹெட்டும் சேரும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு வைக்கவேண்டும். சுற்றிலும் அப்பினால் பிதுங்கி உள்ளே விழும், சம்ப்பில் ஆயில் இழுக்கும் வலையை அடைக்கும். போல்ட்டையும் பலம் காட்டி முறுக்கக் கூடாது. பெரும்பாலான சின்ன என்ஜின்களில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான், நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக.

வேலை முடிந்தும் சில நாள் நெடி இருந்தது. மேனிஃபோல்டை மூடும் தகடான ஹீட் ஷீல்டில் ஊறிய பழைய ஆயில் எரிந்து தீரவேண்டுமே. அப்புறம் நின்றுவிட்டது. சில மாதத்தில் லேசாகத் திரும்பி வந்தது, அதே மூலையில்.

இந்தமுறை அவர் என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, வாய்மேல் சும்மா வைத்தார். மூடி துள்ளியது. பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்குவது எந்த என்ஜினிலும் உண்டு. அதை இன்டேக் பக்கம் உறிஞ்சி எடுக்க பிசிவி வால்வ் என்று ஒரு சின்ன உருப்படி இருக்கிறது. அது கசடு பிடித்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தப் பேக்கிங் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். வால்வைக் கழற்றி ஆட்டினால் கலகலக்க வேண்டும். எங்களுடையதில் சத்தமே இல்லை. புது வால்வ் போட்டதும் மூடி அமைதியாக உட்கார்ந்துவிட்டது. ரிங் தேய்ந்திருந்தாலும் மூடி துள்ளும் என்பதால் சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தையும் (கம்ப்ரெஷன்) பார்த்தோம். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு.

அதற்குப்பிறகு 1,00,000 கிலோமீட்டரும் தாண்டியாகிவிட்டது. ஊட்டிக்கு அடிக்கடி போகிறோம், நெடி இல்லை, அந்தப் பின் ஓரம் காய்ந்தேதான் இருக்கிறது. சர்வீஸ் முடிந்த மறுநாள் மட்டும் ஒருமுறை நெடி வந்தது. ஃபில்டர் மாற்றும்போது சிந்திய ஆயில், துடைத்ததும் போய்விட்டது. சர்வீஸ் கையோடு வரும் நெடிக்கு முதலில் ஃபில்டரையும் டிரெயின் போல்ட்டையும் பாருங்கள். பானெட்டிலிருந்து புகையே வந்தால் இத்தனை ஆராய்ச்சி வேண்டாம்: ஓரம் கட்டி என்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிடுங்கள். சூடான மேனிஃபோல்டில் ஆயில் தீப்பிடிப்பதும் உண்டு.