மிசிசிப்பியின் பழைய தடங்கள்: ஃபிஸ்க் நிலப்படங்கள் பற்றி ஒரு மதிப்புரை

ஓர் ஆற்றின் நெடுங்கால வரலாற்றை ஒரே தாளில் காட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு, ஹரால்ட் ஃபிஸ்க் தயாரித்த மிசிசிப்பி நிலப்படங்களையே நான் முதலில் பரிந்துரைப்பேன். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியராக இருந்த அவர், அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவுக்காக 1944இல் அளித்த ஆய்வறிக்கையுடன் இணைத்தவை இந்த 15 தாள்கள். இவற்றைக் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம்.

வெள்ளையாக ஓடுவது 1944ஆம் ஆண்டின் ஆறு. அதைச் சுற்றி 1765, 1820, 1880 ஆகிய ஆண்டுகளின் போக்குகளும், அவற்றுக்கும் முந்தைய தடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனி நிறங்களில் பின்னிக் கிடக்கின்றன.

நான் அச்சிட்டு மாட்டியிருப்பது விக்ஸ்பர்க் நகரம் இடம்பெறும் தாள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அந்நகரின் பீரங்கிகளுக்கு எட்டாமல் கப்பல்களைக் கொண்டுசெல்வதற்காக, எதிரே இருந்த நாக்குப் போன்ற நிலத்தைக் குறுக்கே வெட்டி ஆற்றைத் திருப்ப, வடமாநிலங்களின் தளபதி கிராண்ட்டின் படை 1863இல் முயன்று தோற்றது. படையால் முடியாததை 1876இல் ஆறு தானே செய்தது. அதே நிலத்தை வேறோர் இடத்தில் அறுத்துக்கொண்டு போனதால், விக்ஸ்பர்க் தன் ஆற்றுத்துறையை இழந்தது. யாசூ ஆற்றைக் கால்வாய் வெட்டித் திருப்பி, 1903இல்தான் நகரின் வாசலுக்கு மீண்டும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இவ்வளவையும் அறிந்துகொண்டு அந்த வளைவைப் பார்க்கும்போது, விரலை அதிலிருந்து எடுக்க மனம் வருவதில்லை.

இருப்பினும் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. 1927 பெருவெள்ளத்துக்குப் பின், 1929 முதல் 1942 வரை பொறியாளர்கள் பல வளைவுகளை வெட்டி ஆற்றை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் சுருக்கினார்கள். ஆறு தானே அறுத்த வளைவு எது, மனிதர் வெட்டியது எது என்பதை நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு பிரித்தறிய முடியாது. மனிதருக்கும் ஆற்றுக்கும் இடையிலான உறவைத் தேடி வருபவருக்கு இது சிறிய குறையல்ல. மேலும், மிகப் பழைய தடங்களுக்கு ஃபிஸ்க் கணித்த காலங்களைப் பிற்கால ஆய்வாளர்கள் திருத்தியிருக்கிறார்கள் என்பதால், அவற்றை வரிசையறிய மட்டும் பயன்படுத்துவது நல்லது.

அச்சிட விரும்புவோர் ஏ3 அளவில் முயல வேண்டாம். குறிப்புகளின் எழுத்துகள் கரைந்துபோகின்றன. ஏ1 அளவில், பளபளப்பில்லாத தாளில் அச்சிட்ட பிறகே எனக்குச் சிற்றூர்ப் பெயர்கள் வரை தெளிவாகத் தெரிந்தன.