சாக்ரடீஸுக்கு முன்னால் தொடங்கும் பாட்காஸ்ட்

மேற்கத்தியத் தத்துவத்தை எங்கே தொடங்குவது என்று கேட்டால் பலரும் சாக்ரடீஸ், பிளேட்டோ என்று கையைக் காட்டிவிடுவார்கள். அதற்கு முன்னால் நூற்றைம்பது வருடக் கதை இருக்கிறது. பேராசிரியர் பீட்டர் ஆடம்சன் 2010இல் ஆரம்பித்த ‘ஹிஸ்டரி ஆஃப் பிலாசஃபி வித்தவுட் எனி கேப்ஸ்’ என்ற பாட்காஸ்ட் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முதல் எபிசோடே பழைய கிரேக்கத் தத்துவவாதி தேலீஸ். ஒவ்வொன்றும் சுமார் இருபது நிமிடம், இலவசம், சாக்ரடீஸ் வந்து சேரவே பத்து எபிசோடுக்கு மேல் ஆகிறது!

தேலீஸ், அனாக்ஸிமாண்டர், அனாக்ஸிமெனிஸ் மூவரும் மிலேட்டஸ்காரர்கள். இன்றைய துருக்கியின் மேற்குக் கரைப் பக்கம் இருந்த துறைமுக ஊர் அது, ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து இப்போது கடல் தள்ளிப் போய்விட்டது. உலகம் எதனால் ஆனது என்பதற்குத் தேலீஸ் தண்ணீர் என்றார், அனாக்ஸிமாண்டர் எல்லையற்ற ஏதோ ஒன்று என்றார், அனாக்ஸிமெனிஸ் காற்று என்றார். கேட்கும்போது சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் அனாக்ஸிமெனிஸ் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: வாயைக் குவித்து ஊதினால் சில்லென்று வருகிறது, அகலத் திறந்து ஊதினால் வெதுவெதுப்பாக வருகிறது, ஆக ஒரே காற்றுதான் நெருங்கினால் குளிர்ச்சி, தளர்ந்தால் சூடு. உள்ளங்கையை வாய்க்கு நேராக வைத்து இப்போதே ஊதிப் பார்க்கலாம். விளக்கம் தப்புதான், இருந்தாலும் கடவுள் சித்தம் என்று முடித்துவிடாமல் யாரும் சோதித்துப் பார்க்கிற மாதிரி ஒரு காரணம் சொல்கிறார் இல்லையா, எனக்கு அங்கேதான் ஆர்வம் பிடித்துக்கொண்டது.

இன்னொரு விஷயம், இவர்கள் எழுதிய எதுவும் முழுசாக நம் கைக்கு வரவில்லை. பின்னால் வந்தவர்கள் மேற்கோள் காட்டிய துண்டுகள்தான். இவர்களுக்குப் பின்னால் வந்த பார்மெனிடீஸ் தன் தத்துவத்தைக் கவிதையாக எழுதினார்; அதில் இன்று நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி தப்பித்ததே, அந்த நூல் அரிதாகிவிட்டது என்று ஆயிரம் வருடம் கழித்து சிம்ப்ளிசியஸ் என்ற உரையாசிரியர் நீளமாக எடுத்து எழுதி வைத்ததால்தான். துண்டுகளை வைத்துக்கொண்டு வாதம் எப்படி ஓடியிருக்கும் என்று ஆடம்சன் நிதானமாகக் கட்டிக் காட்டுகிறார். சாக்ரடீஸுக்கு முந்தைய இன்னொரு தத்துவவாதியான ஹெராக்ளிடஸைப் பற்றித் தனியாக ஒரு நேர்காணலும் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. ஒட்டகச்சிவிங்கி உதாரணங்களும் சிலேடைகளும் அவருக்கு ரொம்பப் பிடிக்கும், நமக்குப் பிடிக்க வேண்டுமே. கிரேக்கப் பெயர்கள் காதில் மட்டும் விழுவதால் யார் எந்த ஊர் என்று குழம்பும், பக்கத்தில் ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. பார்மெனிடீஸ் பகுதியைப் பேருந்தில் கேட்காதீர்கள், ‘இல்லாததை நினைக்கவே முடியாது’ என்கிற இடத்தில் கவனம் சிதறினால் அப்புறம் ஒன்றும் புரியாது.

இதுவே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் புத்தகமாகவும் வருகிறது, முதல் தொகுதி 2014. வாங்குவதற்கு முன் முதல் மூன்று எபிசோடுகளைக் கேட்டுவிடுங்கள், அந்த ஜோக்குகளைத் தாங்க முடிகிறதா என்று தெரிந்துவிடும்.