மூன்று மாரி கண்ட விறகடுப்பும் ஒரு சாம்பல் மூலையும்

மச்சான் ஒருவன் போன கிழமை போன் எடுத்து, “உன்ட விறகடுப்பு மாதிரி நானும் ஒண்டு அடிப்பிக்கவா?” என்று கேட்டான். கேட்ட நேரம் பிழை. சாம்பல் தட்டின் மூலைக்கு ஒட்டுப் போட்ட வெல்டிங் கடையில் அப்போதுதான் காசை எண்ணிக்கொண்டு நின்றேன்.

2022இல் கேஸ் வரிசையில் நின்று வெறுத்துப்போய்ச் செய்வித்த இரும்பு அடுப்பு. எரிகிறதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். இரண்டு சவுக்குக் கொள்ளியும் கொஞ்சம் பொச்சும் போதும், ஞாயிற்றுக்கிழமைச் சோறும் மீன் ஆணமும் வெளியிலேயே முடிந்துவிடும். ஆனால் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம், மாரி தொடங்கினால் அடுப்பு சும்மா கிடக்கும், சும்மா கிடக்கிற நாளில்தான் கறள் அதைத் தின்னும்.

முதல் மாரிக்குச் சாதாரண எனாமல் பெயின்ட் அடித்து, நீலத் தறப்பாளால் சுற்றிக் கயிறும் கட்டிவிட்டு, பெரிய வேலை செய்ததாக நினைத்தேன். பொங்கலுக்கு முதல் நாள் அவிழ்த்தால் தறப்பாளின் உள்பக்கமெல்லாம் வேர்த்து நீர்முத்து, அடுப்பில் செங்கறள். பெயின்ட் முதல் நெருப்பிலேயே கொப்பளித்துக் கழன்றது.

மறுகாதான் விஷயம் பிடிபட்டது. சாம்பல் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டிவைத்திருக்கும், அதில் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கரையில் ஒதுங்கிய கட்டையை எரிப்பதையும் விட்டேன், அதற்குள்ளும் உப்புத்தான்.

இப்போது ஒக்டோபர் கடைசியில், மழைக்கு முன், சாம்பலையும் புகைக்குழாய்க் கரியையும் முழுக்கச் சுரண்டி, கம்பி பிரஷ், சாண்ட் பேப்பர் போட்டு, ஈரமில்லாமல் துடைப்பேன். வெளிப்பக்கத்துக்கு 600 பாகை தாங்கும் பெயின்ட். உள்ளே சின்னதாகத் தீ மூட்டி, அணைந்தபின் இளஞ்சூட்டில் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசுவேன் (ஒருமுறை தாராளமாக ஊற்றி, பிசின் மாதிரி ஒட்டி, எறும்பு குடியேறியது). கால்களுக்குக் கீழே செங்கல், குழாய் வாயில் கவிழ்த்த பால்மா டின், மேலே ஒரு தகரம். நாலு பக்கமும் காற்றுப் போகட்டும்.

இவ்வளவும் செய்தும் அந்த மூலை ஓட்டையாகிவிட்டது! தட்டை வெளியே இழுக்க முடியாமல் உள்ளேயே ஒட்டவைத்திருக்கிறார்கள், விரல் நுழையாது, பழைய பல் துலக்கும் பிரஷும் பாதிதான் போகும். செய்தவர் ஒருநாளாவது சாம்பல் அள்ளியிருப்பாரா?

“வேண்டாம், காசைக் கொட்டாதே” என்று அவனுக்குச் சொல்லிவிட்டேன். ஞாயிறு வந்தவன் சூரை ஆணம் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, செய்தவரின் நம்பரைக் கேட்டான். கொடுத்தேன். தட்டு கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னேன், அப்படியே எனக்கும் ஒன்று.