பழைய மாஸ்ஸி 35, 135 மீட்டெடுப்பு: எந்த வேலை நிலைத்தது, எந்தக் கோளாறு திரும்பி வந்தது

பெயின்ட் காய்ந்த அன்று எல்லா டிராக்டரும் புதிதாகத்தான் தெரியும். நான்கைந்து மழைக்காலம் தாண்டி, செல்ஃபைத் தொட்டதும் பிடிக்கிறதா, தூக்கிய கலப்பை தூக்கியபடி நிற்கிறதா என்று பார்த்தால்தான் செய்த வேலையின் தரம் தெரியும். அந்தக் கணக்கில் எழுதியது இது.

முதலில் எந்த இன்ஜின் என்று பார்த்துவிட வேண்டும். மாஸ்ஸி ஃபெர்குசன் 35-இன் ஆரம்பகால டீசல் வண்டிகளில் நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு 23சி இன்ஜின். குளிரில் அடம்பிடிப்பதில் பெயர் வாங்கியது. 1959 கடைசியில் மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் 3.152 வந்தது. அதன் வாரிசுதான் 1964-இல் வந்த 135-இலும் ஓடியது. முதல் முறை கைவைக்கிறவர் பெர்க்கின்ஸ் வண்டியைத் தேடுவதே நல்லது. கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

வருடக்கணக்கில் நின்ற இன்ஜின் ஜாமாகி இருந்தால் கட்டி இழுத்து விடுவிக்கப் பார்ப்பது மகா தப்பு. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். டீசலைத் தெளிக்கும் மூன்று நாசிலையும் கழற்றி, பாதி அசிட்டோன் பாதி ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் கலந்து சிலிண்டருக்கு 50 மி.லி. ஊற்றி ஒரு வாரம் விடலாம். இரண்டும் தாமாகக் கலந்து நிற்காது. ஊற்றும்போது குலுக்கி ஊற்ற வேண்டும். பிறகு செல்ஃபைக் கழற்றிய துளை வழியாக ஃபிளைவீல் பல்லில் நெம்புகோல் கொடுத்து, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். சுற்ற ஆரம்பித்ததும் நாசிலைப் பூட்டிவிடக் கூடாது. திறந்த நிலையிலேயே சுற்றி உள்ளே கிடக்கும் திரவத்தை வெளியே தள்ளி, இன்ஜின் ஆயிலையும் மாற்றிய பிறகே பூட்ட வேண்டும். இப்படி விடுபட்ட இன்ஜினில் பிஸ்டன் ஏறி இறங்கும், ரிங் மட்டும் காடியில் ஒட்டியே இருக்கலாம். 20 மணி நேரம் பாரத்தோடு ஓட்டியும் பிரீதர் குழாயில் (இன்ஜின் அடிப்பகுதிக் காற்று வெளியேறும் குழாய்) வரும் புகை குறையவில்லை என்றால் பிஸ்டனை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆயில் மாற்றி, மருந்து ஊற்றி ஓட்டுவதெல்லாம் நாளைத் தள்ளும், அவ்வளவுதான்.

முதல் ஸ்டார்ட்டில் ஒரு ஆபத்து இருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில், சிஏவி கம்பெனியின் டிபிஏ ரக டீசல் பம்புக்குள் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு பிசுபிசுப்பில் ஒட்டிக்கொள்ளும். திறந்த நிலையில் ஒட்டியிருந்தால் இன்ஜின் பிடித்த கணமே கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காமல் போகலாம். ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி வைத்து, காற்று வாயை அடைக்கும் அளவு தட்டையான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கையால் அடைக்க நினைக்கவே கூடாது.

டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும் வரிசை: ஃபில்டர் தலை ஸ்குரூ, பம்பின் பக்கவாட்டு ஸ்குரூ, பம்பின் கவர்னர் (வேகக் கட்டுப்பாடு) மூடி மேலுள்ள ஸ்குரூ, கடைசியில் செல்ஃப் அடித்தபடி இரண்டு நாசில் நட். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் கை லிவர் தொளதொளவென்று இருந்தால் பம்ப் கெட்டதென்று முடிவு கட்ட வேண்டாம். அதைத் தள்ளும் கேம் உச்சியில் நிற்கும். இன்ஜினை ஒரு சுற்று சுற்றினால் லிவர் வேலை செய்யும். திரும்பத் திரும்ப ஏர் பிடித்தால் செம்பு வாஷரைப் பார்க்க வேண்டும். பழைய வாஷர் இறுகிப் போயிருக்கும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புதியது உட்கார்ந்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

ஹெட் கழற்றிப் பூட்டினால் முதல் சூடேற்றத்துக்குப் பிறகு நட்டுகளை மறுபடி முறுக்கியே தீர வேண்டும். இதை விட்ட இன்ஜின்களில்தான் கேஸ்கெட் சீக்கிரம் போகிறது. முறுக்கியதும் டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி மாறியிருக்கும். குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ. (0.012 அங்குலம்) வைக்கலாம். கேஸ்கெட்டில் சிலிகான் பசையை அப்புவதைத் தவிர்க்க வேண்டும். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும்.

திரும்பத் திரும்ப வந்த தொல்லை எது என்றால் ஹைட்ராலிக். கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே எண்ணெய், 30 லிட்டருக்கு மேல். கியர் லிவர் அடியிலுள்ள ரப்பர் கிழிந்தால் மழைநீர் நேராக உள்ளே போகும். எண்ணெய் மோர்போல் வெளுக்கும். முழுக்க வடித்து மாற்றியும், ரப்பரை மாற்றாததால் அடுத்த மழையில் அதே மோர். ஊற்றும் எண்ணெயையும் பார்த்து ஊற்ற வேண்டும். ஜிஎல்-5 என்ற தர அடையாளமுள்ள சில கியர் எண்ணெய்களின் சேர்மானம் வெண்கலப் புஷ்களை அரிக்கும். கையேடு சொல்லும் ரகமே போதும்.

லிஃப்ட் தூக்கவில்லை என்று மேல் மூடியைக் கழற்றுவதற்கு முன், பிடிஓ (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றும் ஷாஃப்ட்) லிவர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் பம்பைச் சுற்றுவதே பிடிஓ ஷாஃப்ட்தான். சிரிப்பு வரும், ஆனால் இதற்காகவே பிரித்த வண்டிகள் உண்டு. தூக்கிய பாரம் இன்ஜினை நிறுத்தியதும் மளமளவென்று இறங்கினால் சிலிண்டர் சீலை முதலில் சந்தேகிக்கலாம். தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை என்றால் கன்ட்ரோல் வால்வு ஒட்டியிருக்கும்.

கிளட்ச் வேலைக்கு வண்டியை நடுவில் பிரிக்கும் முன் முன் ஆக்சிலுக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் இருபக்கமும் மர ஆப்பு அடிக்க வேண்டும். முன் ஆக்சில் நடு முள்ளில் ஆடுவது. ஆப்பு இல்லாவிட்டால் பிரிந்த இன்ஜின் ஒருபக்கம் சாய்ந்து ஆளை நசுக்கும்.

பழைய டைனமோ வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடலோடு இணைந்திருக்கும். நெகட்டிவுக்கு மாற்றினால் பேட்டரி வயர், அம்மீட்டர் வயர் இரண்டையும் இடம் மாற்றி, டைனமோவின் எஃப் (ஃபீல்டு) முனை வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரால் அதை ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். இதை விட்டால் சார்ஜ் ஆகாது.

துருவை எடுக்க வாஷிங் சோடா கரைசலில் மின்சாரம் விடுவது நல்ல முறை. துருப்பிடித்த பாகத்துக்கு நெகட்டிவ், எதிரே சாதா இரும்புத் தகட்டுக்குப் பாசிட்டிவ். எவர்சில்வர் தகடு வைத்தால் நச்சுக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்தவெளியில் மட்டும். பெயின்ட்டுக்கு ஒரே விதி: எண்ணெய்க் கசிவெல்லாம் நின்ற பிறகு.

மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கிளட்ச் பெடலை அழுத்தி ஒரு கட்டையைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும், மறுபடி பிரிக்கும் வேலைதான்.