பில்லில் புது பிஸ்டன், உள்ளே பழைய கரி: எஞ்சின் வேலைக்கு வண்டி விடுகிறவர்கள் கவனத்துக்கு

கார்ப்பரேட்டர் வைத்த மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்கள், பழைய ஜீப்பில் வேறு எஞ்சின் ஏற்றி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இதைப் படித்துவிடுங்கள். நடந்தது கடலூரில். கடையின் பெயர் இங்கே வராது.

வண்டி, பாண்டி நம்பர் போட்ட ஒரு மாருதி 800. ஹெட் கேஸ்கெட் போய், ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்ததால் வேலைக்குப் போனது. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), மூன்று பிஸ்டன், ரிங் செட், ஹெட் பிளேனிங், வால்வு கிரைண்டிங், கேஸ்கெட் செட், கூலி என்று 34,600 ரூபாய் பில். பில் என்றால் அச்சடித்தது இல்லை, டைரித் தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்தது. பணம் கைமாறிய பிறகும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ப் சோம்பலாகச் சுற்றுகிறது, கார்ப்பரேட்டர் பக்கம் டப்பென்று அடிக்கிறது, நடுநடுவே சைலன்ஸரிலும் ஒரு வெடி. மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு, "கிராங்க் போயிடுச்சு சார், இனிமே இதுல காசு போடாதீங்க. நம்மகிட்ட ஒரு செகண்ட்ஹேண்ட் எஞ்சின் இருக்கு, 38,000-க்கு முடிச்சுத் தரேன்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

கயிறு கட்டி வேறு இடத்துக்கு இழுத்துப் போய்ப் பார்த்தபோது குறை இரண்டுதான். இரண்டாம், மூன்றாம் சிலிண்டரின் பிளக்குக்கு நெருப்பு கொண்டுபோகும் எச்.டி. ஒயர்கள் இடம் மாறியிருந்தன. கியர்பாக்ஸுக்கு வர வேண்டிய எர்த் பட்டையைத் திரும்ப மாட்டவே இல்லை. ஒரு பட்டை வாங்கிய காசோடு வண்டி எடுத்துவிட்டது.

முதலில் அந்த 'கிராங்க் போயிடுச்சு' கதை. கிராங்க் என்பது பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுற்றலாக மாற்றும் தண்டு. கிராங்க் பேரிங் தேய்ந்தால் ஆயில் பிரஷர் விழும், லோடில் கீழே கட்டை தட்டுகிற சத்தம் வரும்; வண்டி எடுக்கத்தான் செய்யும். பிடித்துக்கொண்டால் செல்ப் போட்டாலும் சுற்றாது. கையால் திருப்பினால் லேசாகச் சுற்றுகிற எஞ்சின் எடுக்காமல் இருப்பதற்குக் கிராங்க்கைக் காரணம் சொன்னால் அந்த இடத்திலேயே உஷாராகிவிட வேண்டும். வேலைக்குப் போகும்வரை தானே ஓடி வந்த வண்டி, வேலை முடிந்து எடுக்கவில்லை என்றால், கை வைத்த இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒயர் விஷயம். மாருதி 800-ன் 796 சிசி எஞ்சினில் மூன்று சிலிண்டர், நெருப்பு விழும் வரிசை 1-3-2. மூன்றே ஒயர் என்பதால் யாரும் அடையாளம் போட்டுக் கழற்றுவதில்லை. அங்கேதான் வினை. நெருப்பை முறை வைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் சுற்றுவது ரோட்டர். ரோட்டர் சுற்றும் திசையைத் தப்பாக எடுத்துக்கொண்டு 1-3-2 என்று மாட்டினால், உண்மையில் அது 1-2-3 ஆகிவிடும். மூன்றாவது சிலிண்டருக்கு விழ வேண்டிய நெருப்பு இரண்டாவதில் விழும். அந்த நேரத்தில் அது பெட்ரோல் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும், இன்லெட் வால்வு திறந்திருக்கும். தீ வந்த வழியே திரும்பிப் போவதுதான் கார்ப்பரேட்டரில் கேட்கும் அந்த 'டப்'. இரண்டாவதுக்கு உரிய நெருப்பு மூன்றாவதில் விழும்போது அது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் இருக்கும். எரியாமல் வெளியே போகிற பெட்ரோல் சைலன்ஸரில் வெடிக்கும். முதல் சிலிண்டர் மட்டும் ஒழுங்காக அடிக்கும், ஒற்றை ஆளால் எஞ்சினைத் தூக்க முடியாது.

சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். அதன் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். வண்டியை டாப் கியரில் போட்டு இன்னொருவர் மெதுவாக முன்னால் தள்ளட்டும். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும்போது, கிராங்க் புல்லி மார்க்கும் நேராக வந்தால், அதுதான் கம்ப்ரஷன் டாப் சென்டர், அதாவது காற்றை அழுத்திக்கொண்டு பிஸ்டன் உச்சிக்கு வந்த இடம். டேப்பெட் மூடியைத் திறந்தால் ஒன்றாம் சிலிண்டரின் வால்வுகளை அழுத்தித் திறக்கும் இரண்டு ராக்கரும் லூஸாக ஆடும். மார்க் மட்டும் நேராக இருந்தால் நம்பக் கூடாது. எக்ஸாஸ்ட் முடிகிற இடத்திலும் அதே மார்க் நேராக வரும். அந்த நிலையில் டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினால் பாதிச் சுற்று மாறிப்போகும். இப்போது ரோட்டர் எந்த முனையைப் பார்க்கிறதோ அது ஒன்று. மூடியைத் திறந்து வைத்து, காயில் கனெக்‌ஷனைக் கழற்றிவிட்டு ஒருமுறை செல்ப் போட்டால் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணாலேயே தெரியும். அந்தத் திசையில் 1, 3, 2 என்று மாட்டுங்கள். அம்பாசடர், பத்மினி எஞ்சின் வைத்தவர்களுக்கு 1-3-4-2.

அடுத்தது எர்த். எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல். பட்டை இல்லை என்றால் செல்ப் இழுக்கும் அத்தனை கரண்டும் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத்தான் பாடிக்குத் திரும்ப வேண்டும். இந்த வண்டியில் கிளட்ச் கேபிளின் மேலுறை ஒரு சாண் நீளத்துக்கு உருகி உள்கம்பி தெரிந்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்து செல்ப் போடச் சொல்லுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. செல்ப் சுற்றும்போது பேட்டரியில் 9.6 வோல்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் கடல் காற்றில் நிற்கும் வண்டிகளில் பட்டை இருந்தும் போல்ட்டுக்கு அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள்.

டைமிங் பெல்ட் போட்ட கையோடு கிராங்க்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, மேலும் கீழும் மார்க் மறுபடி நேராக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிராங்க் இரண்டு சுற்றுக்கு, வால்வுகளை இயக்கும் கேம் ஒரு சுற்று. ஒரு பல் தள்ளிப்போனாலும் இங்கே தெரிந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எடுக்கவில்லை என்றால் கம்ப்ரஷன். எல்லா பிளக்கும் கழற்றி, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரும் ஐந்தாறு முறை அழுத்தும் அளவுக்கு செல்ப் போடுங்கள். மூன்றிலும் 10 கிலோவுக்கு மேல் வந்து, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை என்றால் எஞ்சின் மேல் பழி போட முடியாது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டில் மட்டும் குறைந்தால் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. ஒன்றில் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு கிரைண்டிங் செய்த பிறகு டேப்பெட் இடைவெளி வைக்க மறந்திருந்தால் வால்வு மூடாது, மூன்றிலும் கம்ப்ரஷன் வராது.

பெட்ரோல் பக்கம் அதிகம் இல்லை. வாரக்கணக்கில் நின்ற வண்டியில் ஃப்ளோட் சேம்பர் காய்ந்திருக்கும், நிரம்பக் கொஞ்ச நேரம் செல்ப் போட வேண்டும். பிரேக் பூஸ்டர் உள்ள மாடலில் அதற்குப் போகும் வேக்கம் குழாய் கழன்றிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

இனி பில். ரீபோர் செய்து பிஸ்டன் மாற்றிய பிறகு இந்த எஞ்சின் ஒருமுறைகூட ஒழுங்காக ஓடவில்லை. அப்படியானால் பிஸ்டன் தலை பளபளவென்று இருக்க வேண்டும். ஓவர்சைஸ் போட்டிருந்தால் தலையில் 0.25, 0.50 என்று குத்தியிருப்பதும் பெரும்பாலும் தெரியும். செல்போனில் மாட்டும் சின்ன கேமராவை பிளக் துளை வழியே விட்டதும் மூன்றிலும் தெரிந்தது விரல் நகம் தடிமனுக்குக் கரி. ஓடாத எஞ்சினில் புதுப் பிஸ்டன் மேல் கரி எங்கிருந்து வரும்? அந்த வீடியோவை வைத்துக் கேட்ட பிறகுதான் பிஸ்டன், ரிங், ரீபோர் கணக்கில் பாதியாவது திரும்ப வந்தது.

செகண்ட்ஹேண்ட் எஞ்சின் என்று ஆரம்பித்தாலே எஞ்சின் நம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் மாற்றினால், ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போது வண்டி அங்கேயே நின்றுவிடும். திருட்டு வண்டி எஞ்சின் என்றால் இன்னும் பெரிய தலைவலி. வண்டி விடுவதற்கு முன்பே எஞ்சின் நம்பரை போட்டோ எடுத்துவிடுங்கள்.

பணம் திரும்ப வராதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. டைரித் தாளாக இருந்தாலும் கிழித்துப் போடாதீர்கள், ஜி-பே ரசீதோடு சேர்த்து அதுவும் சாட்சிதான்.

பழைய பாகங்களை வேலை நடக்கும்போதே கேட்டு வாங்குங்கள், கூடவே அளவு பார்க்க ஒரு வெர்னியர் வைத்துக்கொள்ளுங்கள். 800-ன் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 68.5 மி.மீ. இந்தக் கடையில் "உங்க பழசு சார், பாத்துக்கோங்க" என்று சாக்கிலிருந்து எடுத்துக் கொட்டிய மூன்று பிஸ்டனும் 65 சொச்சம்தான் இருந்தன. அது பழைய 970 சிசி ஜிப்சியின் அளவு.