அணிந்து பார்த்த கவசம்: துணிக்கு முழு மதிப்பெண், இரும்புக்குப் பாதி

பாரிசுக்கு வெளியே, இடைக்காலப் போர் உடுப்புகளை அளவு பார்த்து அணிவித்து அரை நாள் வாடகைக்கு விடும் பட்டறை ஒன்று உள்ளது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த நூறாண்டுப் போரின் முற்பகுதியில், 1360களில், பிரெஞ்சுக் குதிரைவீரர் ஒருவர் அணிந்திருக்கக்கூடிய முழு உடுப்பு என்ற அவர்களது அறிவிப்பை நம்பிச் சென்றேன்.

துணி வேலை அருமை. லினன் உள்சட்டைக்கு மேல் அவர்கள் அணிவிக்கும் பஞ்சு வைத்துத் தைத்த இறுக்கமான சட்டை, வடமேற்குப் பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியின் கோமகன் பட்டத்துக்கு உரிமை கோரி 1364ஆம் ஆண்டுப் போரில் இறந்த ஷார்ல் த புளுவாவினுடையதாகக் கருதப்பட்டு லியோன் துணி அருங்காட்சியகத்தில் காக்கப்படும் சட்டையைப் பார்த்து வெட்டப்பட்டது. கைக்குழி மார்பு வரை அகன்றிருப்பதால், வாளை ஓங்குவதுபோல் கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் சட்டையின் உடற்பகுதி மேலே ஏறுவதில்லை. இடுப்பைக் கவ்விப் பிடிக்கும் இந்தச் சட்டையில்தான் கால் கவசங்களை நாடாக்களால் கட்டித் தொங்கவிடுகிறார்கள். எடை தொடையை இழுக்காமல் இடுப்பில் அமர்கிறது. உள்ளே இருக்கும் தையல்காரர்தான் வெளியே தெரியும் கொல்லரைக் காப்பாற்றுகிறார் என்பதை அணிந்த பிறகே உணர்ந்தேன்.

சிறு இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்யும் வளையக் கவசத்தில் ஏமாற்றம். அக்கால வளையங்களின் முனைகளைத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி, தறையாணி அடித்து மூடினார்கள். இங்கே முனைகள் வெறுமனே முட்டி நிற்கின்றன. ஈட்டி முனை அழுந்தினால் வாய் பிளந்துவிடும். எடை மட்டும் குறையவில்லை: தராசில் 12 கிலோ. இடைவாரை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், தோள் தப்பிக்கும்.

அதைவிடப் பெரிய பிழை மேலங்கி. கணுக்கால் வரை புரளும் அங்கி பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி சிலுவைப் போருக்குச் சென்ற 13ஆம் நூற்றாண்டுக்கு உரியது. 1360களில் இடுப்புக்குச் சற்றே கீழே முடியும் குட்டையான, உடலோடு ஒட்டிய அங்கிதான் வழக்கம். கேட்டதற்கு, புகைப்படத்தில் நீள அங்கிதான் எடுப்பாக இருக்கிறது என்றார்கள். நேர்மையான பதில்தான்.

தலைக்கவசத்தின் கீழ்விளிம்பில் சிறு கொக்கி வளைவுகளை வரிசையாகப் பதித்து, கயிறு கோத்துக் கழுத்தைக் காக்கும் வளைய வலையைத் தொங்கவிட்டிருப்பது சரியான முறை.

அணிவிக்க அரை மணி நேரம் ஆனது. பிறகு தரையில் படுத்து, யார் உதவியும் இன்றி எழுந்தேன். கவசம் பூண்டவரைப் பாரந்தூக்கி வைத்துத்தான் குதிரையில் ஏற்றினார்கள் என்பது வெறும் கட்டுக்கதை; பிரெஞ்சுப் படைத்தலைவர் மார்ஷல் பூசிகோ தலைக்கவசம் மட்டும் இல்லாமல் முழுக் கவசத்தோடு குட்டிக்கரணம் போட்டதாக அவர் வாழ்நாளிலேயே எழுதப்பட்ட வரலாறு கூறுகிறது. நான் அதை முயலவில்லை.

செல்வதானால், முன்பதிவின்போதே குட்டை அங்கி வேண்டும் என்று கேளுங்கள். ஒன்று வைத்திருக்கிறார்கள், ஒல்லியானவர்களுக்கு மட்டுமே பொருந்தும் அளவில்.