லாரி தார்ப்பாய் கடையில் கயாக்குக்குத் தோல்

"எந்த வண்டிக்கு, அண்ணாச்சி? ஆறு சக்கரமா, பத்து சக்கரமா?" என்றுதான் கடைக்காரர் கேட்டார். சக்கரமே கிடையாது, ஆற்றில் போகிற வண்டி என்றேன்; கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகு, அதன் மரச்சட்டத்துக்கு மேலே தோல் மாதிரி போர்த்தத்தான் துணி வேண்டும். ஏற இறங்கப் பார்த்தார். செல்போனில் இருந்த மரச்சட்டத்தின் படத்தைக் காட்டிய பிறகுதான் அளவு நாடாவைக் கையில் எடுத்தார்.

தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். அணைக்கட்டு மேலேயே படகை விடுவது கிறுக்குத்தனம். கீழே சுழலும் தண்ணீர் ஆளை வெளியே விடாது. கரையேறி, படகைத் தோளில் வைத்து நடந்துதான் மறுபடி இறங்க வேண்டும். அதனால் எனக்கு எடைதான் முதல் கணக்கு. 12 மி.மீ. மரைன் ப்ளைவுட்டில் ஐந்து குறுக்குச் சட்டம், நீளவாக்கில் ஏழு பைன் ரீப்பர். ஆணி அடிக்காமல் எல்லாம் நைலான் கயிற்றுக் கட்டு. பாறையில் இடித்தால் கட்டு கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். ஆணி அடித்திருந்தால் மரம் பிளந்துவிடும். நீளம் 4.2 மீட்டர், அகலம் 60 செ.மீ.

மேல்தோலுக்கு முதலில் நீல நிறத் தார்ப்பாயைத்தான் யோசித்தேன். அது பாலித்தீன், பசை பிடிக்காது. லாரிக்குப் போடுகிற பிவிசி துணி, சதுர மீட்டருக்கு 650 கிராம், ஒட்டும், உருக்கியும் இணைக்கலாம். என் படகுக்கு ஐந்து சதுர மீட்டர் போதும், மூன்றேகால் கிலோ. இருக்கையோடு சேர்த்து மொத்தப் படகு 16 கிலோதான்.

இனி குறை. முன்மூக்கு, பின்மூக்கு இரண்டு இணைப்பையும் உருக்கி ஒட்டச் சொல்லியிருந்தேன். கடைப் பையன் பழக்கதோஷத்தில் இரட்டைத் தையல் போட்டுவிட்டான். லாரிக்கு அது போதும், மழை வழிந்து ஓடிவிடும். ஆற்றிலோ அந்த இடம் எப்போதும் தண்ணீருக்குள். சேரன்மகாதேவியில் இறக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஊசித்துளை வழியாக வந்த தண்ணீர் வேட்டியை நனைத்துவிட்டது. கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் தர்க்கம் பண்ணவில்லை. தையல் மேலே நாலு விரல் அகலத்துக்குத் துணித்துண்டு வைத்து, சூடான காற்றுத் துப்பாக்கியால் உருக்கி, உருளையால் அழுத்திக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை, டீயும் வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

தோலை இழுத்துக் கட்டுவது நம் வேலை. உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் காயப் போட்டு, துணி இளகியிருக்கும்போதே கட்டுங்கள். ஆற்றில் இறங்கிக் குளிர்ந்ததும் மத்தளம் மாதிரி விறைத்துக்கொள்கிறது. மாலையில் கட்டிப் பார்த்தேன், மறுநாள் வெயிலில் தொளதொளவென்று ஆகிவிட்டது.

துணி, கூலி எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய். என் கணக்கில் நியாயமான விலைதான். வெட்டியதில் மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறுக்குத்துறைப் பக்கம் பாறை கிழித்தபோது எனக்கு ஒட்டுப் போட அதுதான் உதவியது. ஐப்பசி மழைக்கு முன்னால் மட்டும் அந்தக் கடைக்குப் போகாதீர்கள். லாரிக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். நம் படகைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.